சொல்லித் தொலைச்சேன்: நம்பமுடியாத வாயால் ஒரு பழைய கொலையை எழுதுவது எப்படி?

நான் எழுதிய முதல் த்ரில்லரின் கடைசி அத்தியாயத்தில் கதைசொல்லி எழுந்து நின்று, “இதுவரை சொன்னதெல்லாம் பொய், கொன்றது நான்தான்” என்பான். வாசகர் நாற்காலியிலிருந்து விழுவார் என்று நம்பினேன். மூன்று பேர் படித்தார்கள். மூவரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே கேட்டார்கள்: “அப்ப இவ்வளவு நேரம் நான் எதுக்குப் படிச்சேன்?” 240 பக்கம். இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

என் தவறு என்ன என்று புரிய ரொம்ப நாளானது. கதைசொல்லி பொய் சொன்னான், சரி. ஆனால் அவன் வாய்க்கு வெளியே அந்த நாவலில் ஒன்றுமே இல்லை. அவன் சொல்வதை எதன்மேல் உரசிப் பார்ப்பது? பொய்யைப் பிடிக்க வழியே வைக்காமல் “ஏமாந்தாயா?” என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பொய்யை எழுதுவது எளிது. பொய் மாட்டிக்கொள்ளும் ஆணிகளை அடிப்பதுதான் வேலை. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த ஆணிகளைப் பற்றியது.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் கையில் நிற்காது. அதனால் ஒரே கதையை முதலிலிருந்து கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். கதை கற்பனை, காலமும் வட்டாரமும் நிஜம்.

மாயவரம் பக்கத்தில் ஒரு கிராமம். 1987 டிசம்பர் 23ஆம் தேதி இரவு. கூட்டுக்குடும்பம். மறுநாள் காலையில் சித்தி கொல்லைக் கிணற்றில் கிடக்கிறாள். “விடியக்காலை வாசல் தெளிக்கத் தண்ணி இறைக்கப் போனா, பாசி வழுக்கி உள்ள விழுந்துட்டா” என்கிறார்கள் வீட்டார். அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவன் 11 வயதுப் பையன் ஒருவன் மட்டும். அவன்தான் நம் கதைசொல்லி. இப்போது அவனுக்கு வயது 48. சித்தி இறந்தபோது 3 வயதுக் குழந்தையாக இருந்த அவள் மகள் இன்று வந்து கேட்கிறாள்: “அண்ணா, எங்கம்மா எப்படிச் செத்தாங்க?” அவளுக்கு அவன் சொல்வதுதான் நாவல்.

படி 1: உண்மையை எழுதிப் பூட்டிவையுங்கள்

ஒரே ஒரு தாள். படர்க்கையில் எழுதுங்கள். வருணனை வேண்டாம், மணிக்கணக்கு வேண்டும். நம் கதைக்கு அது இப்படி இருக்கும்:

மாலை 4 மணி. பையன் சித்தியின் டிரங்குப் பெட்டியில் பாதி எழுதிய கடிதத்தைப் பார்க்கிறான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவதாக சித்தி எழுதியிருக்கிறாள். 6 மணி. பையன் அதை அப்பாயியிடம் சொல்கிறான். சித்தி போய்விடக் கூடாது என்ற ஆசையில்தான் சொல்கிறான். 11 மணி. கொல்லைக் கதவருகே சித்தப்பா சித்தியை மறிக்கிறார். தள்ளுகிறார். துவைக்கிற கல்லில் பின்மண்டை மோதுகிறது. இறந்துவிட்டாள் என்று நினைத்துக் கிணற்றில் போடுகிறார்கள். இறந்திருக்கவில்லை. காலை 5 மணி. அப்பாயி வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். 6 மணி. பையனை எழுப்பி, அவன் எதைப் பார்த்தான் என்று அவனுக்கே சொல்லிக்கொடுக்கிறாள்.

இந்தத் தாளை மேசைமேல் வைக்காதீர்கள். எழுதும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், கதைசொல்லிக்குத் தெரியாததையெல்லாம் நீங்கள் அவன் வாயில் திணித்துவிடுவீர்கள். அத்தியாயம் முடிந்த பிறகு மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கவனித்திருப்பீர்கள், பையன் கொலைகாரன் அல்ல. “சொல்கிறவனே கொன்றவன்” என்ற திருப்பத்தை இன்றைய வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சொல்கிறவன் கொல்லவில்லை, ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தையால் கொலை நடந்தது என்றால் அது வேறு கனம். அதுவும் அன்பினால் சொன்ன வார்த்தை.

படி 2: அவன் எந்த வகைப் பொய்யன்?

நம்பத்தகாத கதைசொல்லி என்று நாம் சொல்லும் கருத்துக்கு 1961இல் பெயர் வைத்தவர் அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத். பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஆள் கதைகளில் உலவிக்கொண்டுதான் இருந்தான். தெரிந்தே மறைப்பவன், குடித்துவிட்டு மறந்தவன், புரியாத வயதுக் குழந்தை, தன்னையே ஏமாற்றிக்கொள்பவன் என்று பல சாதி உண்டு. மனநோய் உள்ளவர் என்பதையே விளக்கமாக வைத்து “அதனால்தான் பொய்” என்று முடிக்கும் கதைகளை நான் ஒதுக்கிவிடுவேன். அது சோம்பேறித்தனம், அந்த நோயோடு வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

எனக்குப் பிடித்தவன் கடைசி வகை: தான் சொல்வது உண்மை என்று மனதார நம்புகிறவன். பொய் சொல்கிறவனுக்குக் குரல் நடுங்கும், இவனுக்கு நடுங்காது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இப்படி ஒருவன் இருக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். 50 பேரிடம் கார்கள் “மோதியபோது” என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிடம் “மோதி நொறுங்கியபோது” என்ற பொருள்படக் கேட்டார்கள். மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. “நொறுங்கிய” கேள்வியைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். “மோதிய” கேள்வியைக் கேட்டவர்களில் 7 பேர். ஒரு வினைச்சொல் மாறியதில் இல்லாத கண்ணாடி தரையில் சிதறிவிட்டது.

அதே லாஃப்டஸ் 1995இல் ஜாக்குலின் பிக்ரெலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு நம் பையனுக்கு இன்னும் நெருக்கமானது. சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய் நிகழ்ச்சியை, குடும்பத்தார் சொன்னதுபோலவே 24 பேரிடம் எடுத்துக்கொடுத்தார்கள். ஏறத்தாழக் கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ “நினைவு” கூர்ந்தார்கள். அன்று காலை எழுப்பி உட்காரவைத்து அப்பாயி பையனிடம் செய்ததும் இதையேதான். அவள் ஆய்வெல்லாம் படித்தவள் இல்லை. “நீதானேடா பார்த்தே, கண்ணு? அவ கால் வழுக்கினதை நீதானே பார்த்தே?” இதை மூன்று முறை கேட்டால் போதும். பிறகு போலீஸ், கோட்டாட்சியர், கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் என்று அவனே பத்துப் பேருக்குச் சொல்கிறான். சொல்லச் சொல்லக் காட்சி தெளிவாகிக்கொண்டே போகிறது.

ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள்: இந்த அறிவியலை நாவலுக்குள் ஒரு டாக்டர் வந்து விளக்குவது. வாசகர் புத்தகத்தை மூடிவைக்கிற இடம் அது.

படி 3: உண்மை தெரிந்தால் அவனுக்கு என்ன போகும்?

இதற்கு ஒரே வரியில் பதில் வேண்டும். வராவிட்டால் கதை இன்னும் தயாராகவில்லை. நம் ஆளுக்கு: உண்மை தெரிந்தால், தன்மேல் உயிராக இருந்த சித்தியைக் காட்டிக்கொடுத்தவன் தான்தான் என்று ஆகிவிடும். அது போதும். சொத்து, போலீஸ் பயமெல்லாம் இதன் பக்கத்தில் சும்மா.

படி 4: பழைய கொலைக்குக் காகிதம் உண்டு

இங்கேதான் நம்மில் பலர் கோட்டைவிடுகிறோம். கொலை நடந்த வருஷத்தின் சட்டம், அலுவலகம், எல்லைக்கோடு எதையும் பார்க்காமல் இன்றைய டி.வி. செய்தியை வைத்து எழுதிவிடுகிறோம்.

முதலில் இடம். மாயூரம் என்ற பெயர் மயிலாடுதுறை என்று மாறியது 1982இல். ஊர்க்காரர்களுக்கு இன்றும் மாயவரம்தான். 1987இல் அது தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. 2020இல் தனி மாவட்டமானது. இந்த மூன்று வரியை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். சித்தியின் மகள் பழைய விசாரணைக் கோப்பைத் தேடிப் போகிறாள். மயிலாடுதுறையில் “அது நாகப்பட்டினத்துல இருக்கும்” என்பார்கள், நாகையில் “அப்ப அது தஞ்சாவூராச்சேம்மா” என்பார்கள். யாரும் வில்லன் இல்லை. கோப்பு மட்டும் கிடைக்காது.

அடுத்து சட்டம். கிணற்றில் பிணம் என்றால் அன்று முதலில் எழுதப்படுவது 174, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் சந்தேக மரணம். சித்தி கல்யாணமாகி நாலு வருஷம்தான். 1983இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்து, அவள் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டால் விஷயம் போலீஸ் மட்டத்தோடு முடியாது, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை என்று ஊரில் சொல்கிறார்களே, அது நடக்கும். சித்தியின் அண்ணன் மனு கொடுக்கிறார். ஆக, பையன் இரண்டு இடத்தில் வாய் திறந்திருக்கிறான்: ஸ்டேஷனிலும் கோட்டாட்சியரிடமும். இரண்டு வாக்குமூலமும் ஒன்றுபோல இருக்காது. அந்த இடைவெளி உங்களுக்குத் தங்கம்.

அன்று போலீசார் அதே சட்டத்தின் 161ஆம் பிரிவில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் “ஸ்டேஷன்ல என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க” என்று கதைசொல்லி அடித்துச் சொன்னால், விவரம் தெரிந்த வாசகர் புருவத்தை உயர்த்துவார். அது எந்தக் காகிதம்? யார் நீட்டியது? வீட்டிலேயே நீட்டியிருப்பார்களோ?

வாக்குமூலத்தின் மொழியையும் விட்டுவிடாதீர்கள். 11 வயதுப் பையன் பேசியதை ஸ்டேஷன் ரைட்டர் எழுதும்போது, “நான் மேற்படி விலாசத்தில் எனது பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். சம்பவத்தன்று அதிகாலை...” என்று வரும். குழந்தையின் குரல் அங்கேயே செத்துவிட்டது. நாவலின் நடுவில் இந்தப் பக்கத்தை அப்படியே வைத்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

உடல்? எரித்துவிட்டார்கள். எலும்பு, பல், டி.என்.ஏ. என்று எதையும் தேடிப் போக வழியில்லை. டி.என்.ஏ. ரேகையை வைத்து உலகத்தில் முதன்முதலாக ஒரு கொலை வழக்கில் தண்டனை வந்ததே 1988 ஜனவரியில், பிரிட்டனில். நம் கதை நடந்து ஒரு மாதம் கழித்து. மிஞ்சியது பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ் மட்டும். அதில் நுரையீரலில் தண்ணீர் இருந்தது, பின்மண்டையில் காயம் இருந்தது என்று இருக்கும். தண்ணீர் இருந்ததால் மூழ்கிச் சாவு, கோப்பு மூடப்பட்டது. தண்ணீர் இறைக்கக் குனிந்தவள் முன்பக்கமாக விழுந்தால் பின்மண்டையில் காயம் எப்படி என்று யாராவது கேட்டிருக்கலாம். உள்சுவரில் அடிபட்டிருக்கும் என்று பதிலும் சொல்லியிருக்கலாம். எந்தச் சான்றும் நூறு சதவீதம் பேசக் கூடாது. பேசினால் கதைசொல்லிக்கு வேலை இல்லை.

இன்று திறந்தால் வழக்கு செல்லுமா? கொலைக்குக் காலாவதி கிடையாது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன என்பதால் உங்கள் இன்ஸ்பெக்டர் 1987 கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவைச் சொன்னால் தப்பு; குற்றம் நடந்த நாளில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 302தான். சாகக் கிடக்கும் சித்தப்பா நம் கதைசொல்லியிடம் ஒப்புக்கொள்வதாக எழுதலாம். போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. வெளியாளிடம் சொன்னது செல்லும், ஆனால் பலவீனமான சாட்சியம். அதையும் சொல்பவன் நம் ஆள். அவனை யார் நம்புவது?

படி 5: ஆணி அடியுங்கள்

கதைசொல்லியால் மாற்ற முடியாத மூன்று நான்கு விஷயங்களைக் கதைக்குள் புதைத்துவையுங்கள். அவன் அவற்றின்மேல் தானாகவே வந்து இடிக்க வேண்டும்.

முதல் ஆணி நிலா. 1858இல் இல்லினாய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கன் வக்கீலாக இருந்த ஒரு கொலை வழக்கில், நிலா வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சாட்சி சொன்னான். லிங்கன் பஞ்சாங்கம் போன்ற ஒரு நூலைக் கோர்ட்டில் விரித்துக் காட்டினார். அந்த நேரத்துக்கு நிலா அடிவானத்தை ஒட்டி இறங்கிவிட்டிருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் விடுதலையானார். நம் வீட்டில் பஞ்சாங்கத்துக்கா பஞ்சம்? 1987 டிசம்பர் 20ஆம் தேதி அமாவாசை. 23ஆம் தேதி மாலை தெரிந்தது மெல்லிய பிறை; இரவு ஒன்பதுக்கு முன்பே மறைந்துவிடும். விடியற்காலையிலும் நிலா கிடையாது. ஆகவே இரண்டாம் அத்தியாயத்தில் அவன் அழகாக, “நிலா வெளிச்சத்துல சித்தியோட புடவைக் கரை மினுங்கிச்சு” என்று சொல்லட்டும். வாசகர் அந்த வரியை ரசிக்கட்டும். பதினோராம் அத்தியாயத்தில் வேறு எதற்கோ ஒரு பழைய பஞ்சாங்கம் எடுக்கப்படட்டும்.

இரண்டாவது, எம்.ஜி.ஆர். அவர் இறந்தது டிசம்பர் 24ஆம் தேதி விடியற்காலை; ஊருக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு. அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சேதி கேட்டபோது எங்கே இருந்தேன் என்று சொல்வார்கள். நம் ஆளும் சொல்கிறான்: “ராத்திரி திண்ணையில படுத்திருந்தோம், ரேடியோவுல சேதி வந்துச்சு, சித்தி அழுதாங்க.” வர வாய்ப்பே இல்லை. ஆனால் அவன் வேண்டுமென்று புளுகவில்லை. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், சேதியை எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைஸர் அமெரிக்க மாணவர்களிடம் எழுதிவாங்கினார். ஏறத்தாழ இரண்டரை வருஷம் கழித்துத் திரும்பக் கேட்டபோது பலர் வேறு கதை சொன்னார்கள், அதையும் உறுதியாகச் சொன்னார்கள். பெரிய சாவு பக்கத்தில் இருக்கும் சின்னச் சாவுகளை இழுத்துக்கொள்ளும்.

இந்தத் தேதியால் கதைக்கு இன்னொரு லாபமும் உண்டு. பஸ் ஓடவில்லை, கடை அடைப்பு. சித்தியின் அண்ணன் வந்து சேர்வதற்குள் எரித்தாகிவிட்டது. “நாங்க என்ன பண்றது, நாடே நின்னுபோச்சே” என்று சித்தப்பா சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது ஆணிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: கேட்காத சத்தம். அந்த வீட்டுக் கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். அடுத்த தெருவுக்கே கேட்கும் என்று முதல் அத்தியாயத்தில் அவனே சொல்கிறான். பிறகு அந்த விடியற்காலையை நான்கு முறை விவரிக்கிறான். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, மாட்டுக் கொட்டகையில் கன்று, அப்பாயியின் இருமல். ராட்டினம் மட்டும் ஒரு முறைகூடக் கிறீச்சிடவில்லை. தண்ணீர் இறைக்கப் போனவள் இறைக்கவே இல்லை. இதை எந்தப் பாத்திரமும் எடுத்துச் சொல்லக் கூடாது.

நான்காவது கோலம். மார்கழி. வாசலில் பெரிய படிக்கோலம், நடுவில் சாணிப்பிள்ளையாரில் பூசணிப்பூ. சித்தி போடுவது எப்போதும் சிக்குக்கோலம். வாசல் தெளிக்கவே தண்ணீர் இல்லாமல் செத்தவள் வாசலில் யார் கோலம்?

சாட்சி இல்லாத இடத்தில் சாட்சியைத் தேடுவது நமக்குப் புதிதில்லை. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி சொல்வது அதுதானே: அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு ஒன்று மட்டும் இருந்தது. அந்தக் குருகுக்கு வாய் கிடையாது. உங்கள் ஆணிகளுக்கும் வாய் இருக்கக் கூடாது.

படி 6: பொய்யைத் தமிழிலேயே சொல்லுங்கள்

இந்த வகை நாவல்களை நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர்கள். அதனால் ஆங்கிலப் பொய்யனைத் தமிழ் பேசவைக்கிறோம். நம் மொழியில் பொய்க்கென்றே செய்ததுபோல எத்தனை கருவிகள் இருக்கின்றன தெரியுமா?

“கதவு மூடப்பட்டிருந்தது” என்று எழுதாதீர்கள். மூடியது யார் என்று உடனே கேட்கத் தோன்றும். “கதவு சாத்தியிருந்துச்சு” என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டதுபோல வாக்கியம் நழுவிப் போய்விடும். தம்ளர் உடைந்தது, விளக்கு அணைந்தது, சத்தம் நின்றது. உடைத்தேன், அணைத்தேன், நிறுத்தினார் என்று எழுதவேண்டிய இடங்களிலெல்லாம் அவன் தன்வினையில் ஒளிந்துகொள்ளட்டும். நூறு பக்கம் அப்படிப் பேசியவன் ஒரு நாள் “விளக்கை அணைச்சேன்” என்று சொன்னால் வாசகருக்குச் சிலிர்க்கும்.

எழுவாயை விட்டுவிடலாம், ஆனால் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். தனியாக இருந்தேன் என்கிறவன் “எட்டிப் பார்த்தோம்” என்று வழுக்கட்டும். இன்னும் நுட்பமானது நாமும் நாங்களும். அவன் பேசுவது சித்தியின் மகளிடம். குழந்தை அன்று மாமா வீட்டில் இருந்ததாக அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில், “அன்னிக்கு ராத்திரி நாம திண்ணையில படுத்திருந்தோமே” என்கிறான். நாங்க இல்லை, நாம. ஒரே எழுத்தில் அவளும் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டாள். ஆங்கிலத்தில் இதைச் செய்யவே முடியாது.

அடுத்தது ‘ஆம்’. நேரில் பார்த்தவன் “விழுந்தாங்க” என்பான். கேட்டுச் சொல்கிறவன் “விழுந்தாங்களாம்” என்பான். பார்த்தேன் பார்த்தேன் என்று பத்து அத்தியாயம் சாதிக்கிறவன், தூக்கக் கலக்கத்திலோ காய்ச்சலிலோ ஒரே ஒரு முறை “சித்தி கத்தக்கூட இல்லையாம்” என்று சொல்லட்டும். ஒரே முறைதான். இரண்டாவது முறை வைத்தால் கெட்டுவிடும்.

மரியாதையும் ஆணிதான். சித்தப்பா எப்போதும் “அவர்”. கிணற்றடியைப் பற்றிப் பேசும்போது மட்டும் “அவன்” ஆகட்டும். கதைசொல்லி அதைக் கவனிக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் தங்கை கவனிப்பாள்.

இந்தப் படியில் கடைசியாகச் சொல்வதை வைத்து நாவலின் எலும்புக்கூட்டையே கட்டலாம். பையன் செய்த ஒரே செயல், அப்பாயியிடம் சொன்னது. அதைச் சொல்லத் தமிழில் எத்தனை துணைவினை! தொடக்கத்தில் அவன் “அப்பாயிகிட்ட ஏதோ சொன்னேன்” என்கிறான். பத்தோடு பதினொன்று. நடுவில் “சொல்லிட்டேன்” ஆகிறது. ஏதோ கைமீறிப் போன சாயல். பிறகு ஒரு கோபத்தில், “போயிடக் கூடாதுன்னுதான் சொல்லிவச்சேன்” என்கிறான். ஓ, நோக்கம் இருந்திருக்கிறது. முடிவில் “சொல்லித் தொலைச்சேன்.” ஒரே வேர்ச்சொல், நான்கு நிலை. இடையில் வரும் அத்தியாயங்களின் வேலை அவனை ஒரு துணைவினையிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துவது.

படி 7: எதிரே ஆள் வேண்டும்

வெறுமனே எழுதிக்கொண்டிருக்கும் கதைசொல்லியைவிட, ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பவன் மேல். எதிரே இருப்பவர் குறுக்கே கேட்பார், முகம் சுளிப்பார், பதில் மாறும். தங்கை தொடக்கத்தில் “அண்ணா” என்பாள். எந்தப் பக்கத்திலிருந்து அவள் எதுவும் சொல்லி அழைக்காமல் பேசத் தொடங்குகிறாள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதை அவன் வாயால் சொல்லவைக்காதீர்கள். வசனத்தில் அந்தச் சொல் காணாமல் போனால் போதும்.

படி 8: எதை எப்போது விடுவது

வாசகர் கதைசொல்லியைவிடக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம்தான். சித்தப்பாதான் கொன்றார் என்பதை நாவலின் பாதியிலேயே விட்டுவிடுங்கள். “யார்?” என்ற கேள்வி தீர்ந்த பிறகும் வாசகர் பக்கத்தைப் புரட்டினால்தான் இது உளவியல் த்ரில்லர், இல்லாவிட்டால் வெறும் துப்பறியும் கதை. இரண்டாம் பாதியின் கேள்வி, இவன் ஏன் இன்னும் அந்தக் கிணற்றடிக் காட்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது. அது அவனுக்குத் தண்டனையா, தப்பிக்கும் வழியா?

கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கும் அத்தியாயத்தை எழுதத்தான் கை அரிக்கும். எழுதுங்கள். எழுதிவிட்டுக் கிழித்துவிடுங்கள். ராட்டினத்தையும் கோலத்தையும் கண்டுபிடிக்காத வாசகருக்கும் நாவல் நாவலாகவே இருக்கும். கண்டுபிடித்தவர் நாலு பேரிடம் சொல்வார்.

படி 9: சரிபார்ப்பு

பூட்டிவைத்த தாளை இப்போது எடுங்கள். கையெழுத்துப் பிரதியில் மூன்று நிறப் பென்சிலால் கோடு போடுங்கள்: நடந்தது ஒரு நிறம், நடக்காதது ஒரு நிறம், நடந்ததாக அவன் நம்புவது ஒரு நிறம். ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் அங்கே கதை தூங்குகிறது. நடக்காதது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறதா பாருங்கள். ஆணி இல்லாத பொய் ஒன்றே ஒன்று இருந்தாலும், படித்து முடித்தவர் உங்களைத்தான் பொய்யர் என்பார், அவனை இல்லை.

பிறகு காலச் சரிபார்ப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல்தான் வந்தது. 1995இல் நடக்கும் காட்சியில் யாரும் அந்த மனுவைப் போட முடியாது. தந்தி 2013 வரை இருந்தது. இப்படி ஒவ்வொன்றையும்.

கடைசியாக, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இந்தக் கிணற்றுக் கதையின் முதல் ஐந்து அத்தியாயத்தை நான் என் தங்கையிடம் கொடுத்தேன். நிலாவில் அவள் நிற்கவில்லை, ரேடியோவிலும் நிற்கவில்லை. “கத்தக்கூட இல்லையாம்” வந்த இடத்தில் மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் “எழுத்துப்பிழை?” என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை.